படம் சொல்லாமல் விட்ட முன்கதை: அறிவியல் புனைகதைப் படங்களின் காமிக்ஸ் உலகம்

கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லார்' 2014-ல் வந்தது. அதில் டாக்டர் மான் என்று ஒரு விஞ்ஞானி வருவார். உறைந்துபோன ஒரு கோளில் தனியாக மாட்டிக்கொண்டு, எப்படியாவது தப்பிக்க வேண்டும் என்ற ஆசையில் பொய்த் தகவல்களை அனுப்பிவைத்தவர். கடைசியில் தன்னைத் தேடி வந்தவர்களையே கொல்லத் துணிகிறார். அவரோடு கிப் என்ற ரோபோவும் அந்தக் கோளில் இறங்கியிருந்தது. மற்றவர்கள் போய்ச் சேரும்போது அது பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கிறது. அந்த மனிதனுக்கும் ரோபோவுக்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்க நமக்கு நேரமில்லை, படம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதே வருடம் 'வயர்ட்' பத்திரிகையின் டிசம்பர் இதழுக்கு நோலன் சிறப்பாசிரியராக இருந்தார். அந்த இதழில் அவரே எழுதி ஷான் கார்டன் மர்ஃபி வரைந்த ஏழு பக்கக் காமிக்ஸ் ஒன்று வெளியானது. பெயர் 'அப்சல்யூட் ஸீரோ'. மானும் கிப்பும் மட்டும் இருந்த நாட்களின் கதை அது. படித்த பிறகு மானை மன்னிக்கத் தோன்றாது. ஆனால் அந்தப் பொய் எங்கிருந்து பிறந்தது என்று புரியும்.

ஒரு படத்தின் உலகத்தையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டு, படத்தில் இல்லாத கதையைச் சொல்லும் இந்த வகைக் காமிக்ஸைத்தான் ஸ்பின்-ஆஃப் என்கிறார்கள். படத்தின் கதையையே காட்சிக்குக் காட்சி வரைந்து தருவது வேறு, அது தழுவல். வீட்டில் வீடியோ பார்க்கும் வசதி பரவாத காலத்தில் தழுவல்களுக்கு நல்ல மவுசு இருந்தது. தியேட்டரை விட்டுப் போன படத்தை மறுபடி அனுபவிக்க அவையும் ஒரு வழி. 1979-ல் ஆர்ச்சி குட்வின் எழுதி வால்ட் சைமன்சன் வரைந்த 'ஏலியன்' தழுவலை இன்றைக்கும் படத்தை மறந்துவிட்டுத் தனியாகப் படிக்கலாம், அவ்வளவு நேர்த்தி. ஆனால் நாம் இங்கே பார்க்கப்போவது ஸ்பின்-ஆஃப்களை. அதிலும் முன்கதை சொல்பவற்றை: வில்லன் எப்படி வில்லனானான், அந்தப் போர் எதனால் மூண்டது, கதாநாயகி கையை எப்படி இழந்தாள் என்கிற மாதிரிக் கதைகள்.

இதற்கு ஏன் காமிக்ஸ்? திரைக்கதை எழுதுபவர் தன் உலகத்தைப் பற்றி யோசித்து வைத்திருப்பதில் ஒரு சிறு பங்குதான் இரண்டு மணி நேரப் படத்துக்குள் வரும். எழுதிப் படமாக்காமல் போனவை உண்டு, படமாக்கிய பிறகு எடிட்டிங்கில் வெட்டப்பட்டவை உண்டு. அவற்றைச் சொல்ல இன்னொரு படம் எடுக்க வேண்டுமானால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். காமிக்ஸில் ஒரு கோள் வெடித்துச் சிதறுவதை வரைய ஆகும் செலவும், இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுவதை வரைய ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். நடிகரின் கால்ஷீட் தேவையில்லை, வயதாகிவிட்டவரை இளமையாகக் காட்ட கிராஃபிக்ஸும் தேவையில்லை. அமெரிக்க மாத இதழ் ஒன்றில் இருபது, இருபத்திரண்டு பக்கம் கதை இருக்கும். நான்கு இதழில் ஒரு முழுக் கதையை முடித்து, படம் வெளியாகும் நேரத்துக்குச் சரியாகக் கடையில் வைத்துவிடலாம். விளம்பர நோக்கமும் இதில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல எழுத்தாளர் கையில் அந்த விளம்பரமே ஒரு நல்ல கதையாகிவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் 1977 மே 25 அன்று வெளியானது. மார்வெலின் முதல் 'ஸ்டார் வார்ஸ்' இதழ் அதற்கு முன்பே கடைகளுக்கு வந்துவிட்டது. ராய் தாமஸ் எழுத, ஹோவர்ட் சேக்கின் வரைந்தார். முதல் ஆறு இதழ்கள் படத்தின் தழுவல். ஏழாவது இதழுக்கு என்ன செய்வது? அடுத்த படம் 1980-ல்தான் வரும், வாசகர்களோ மாதாமாதம் வாங்கத் தயாராக இருந்தார்கள். எனவே புதுக் கதைகளைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஜாக்ஸன் என்ற ஆள் உயரப் பச்சை முயல்கூடக் கடத்தல்காரனாக வந்து போனது. நாயகன் லூக்கும் இளவரசி லேயாவும் உடன்பிறந்தவர்கள் என்பது எழுதியவர்களுக்கே தெரியாது. படத்தில் பெயராக மட்டும் வந்த ஜப்பா என்ற கடத்தல் தலைவனை, மீசை வைத்த மஞ்சள் நிற மனிதனைப் போல வரைந்தார்கள். 1983-ல் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' வந்தபோதுதான் அவன் பெரிய அட்டைப்பூச்சி போன்ற உருவம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்த இதழ் 107 எண்ணிக்கை வரை, 1986 வரை ஓடியது. அந்த விற்பனைதான் மார்வெலைக் காப்பாற்றியது என்று அதன் ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

நீரோவின் இருபத்தைந்து வருடம்

முன்கதைக் காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் 2009-ன் 'ஸ்டார் ட்ரெக்'. ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய அந்தப் படத்தின் வில்லன் நீரோ. ரோமுலன் இனத்தைச் சேர்ந்தவன். எதிர்காலத்திலிருந்து ஒரு ராட்சதக் கப்பலில் வந்து இறங்குகிறான், வல்கன் இனத்தைச் சேர்ந்த ஸ்பாக்கைப் பழிவாங்கியே தீருவேன் என்கிறான். அவனுடைய கோள் அழிந்ததையும் ஸ்பாக்கால் அதைக் காப்பாற்ற முடியாமல் போனதையும் படம் சில நிமிடங்களில் சொல்லிவிட்டு நகர்கிறது. பார்க்கிறவருக்குக் கேள்விகள் மிஞ்சும். ஒரு சுரங்கக் கப்பலுக்கு எப்படி இவ்வளவு ஆயுதம்? முகத்தில் ஏன் பச்சை குத்திய அந்தக் கோலங்கள்? இறந்த காலத்துக்கு வந்த பிறகு இருபத்தைந்து வருடம் எங்கே போயிருந்தான்?

படம் மே மாதம் வந்தது. அதற்கு முன்பே, ஜனவரியிலிருந்து ஐடிடபிள்யூ நிறுவனம் 'கவுன்ட்டவுன்' என்ற நான்கு இதழ்க் கதையை வெளியிடத் தொடங்கியது. கதைக்கருவைக் கொடுத்தவர்கள் படத்தின் திரைக்கதை எழுதிய ராபர்ட்டோ ஓர்சியும் அலெக்ஸ் கர்ட்ஸ்மனும். எழுதியவர்கள் மைக் ஜான்சனும் டிம் ஜோன்ஸும், வரைந்தவர் டேவிட் மெஸ்ஸினா. அதில் நீரோ ஒரு சாதாரண சுரங்கத் தொழிலாளர்களின் கப்பல் தலைவன். வீட்டில் கர்ப்பிணி மனைவி. ஒரு நட்சத்திரம் வெடிக்கப்போகிறது என்று ஸ்பாக் ரோமுலன் செனட்டை எச்சரிக்கும்போது அங்கே யாரும் நம்பவில்லை, நீரோ நம்புகிறான். ஸ்பாக்குக்கு உதவவும் முன்வருகிறான். வல்கன்கள் தயங்கித் தாமதித்ததில் அவனுடைய கோள் சாம்பலாகிறது. நட்பாக இருந்த இடத்தில்தான் அந்த வெறுப்பு முளைக்கிறது.

முகத்தின் கோலங்களுக்கும் அங்கே விடை உண்டு. இறந்தவர்களுக்காகத் துக்கம் காக்கும்போது தோலில் சாயத்தால் எழுதுவது ரோமுலன் வழக்கம். சாயம் மெல்ல மறையும், மறைந்ததும் துக்கம் முடிந்தது என்று வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். நீரோவும் அவன் ஆட்களும் அதை அழியாதபடி பச்சை குத்திக்கொள்கிறார்கள். இவ்வளவுதான், ஒரே ஒரு சிறு விவரம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு மறுபடி படத்தைப் பார்த்தால் அந்த முகம் வேறு மாதிரித் தெரியும். கப்பலின் ஆயுதங்கள் 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திர இனத்தின் தொழில்நுட்பத்தால் வந்தவை என்பதையும் காமிக்ஸே சொல்கிறது.

அந்த இருபத்தைந்து வருடம்? அதைப் படத்துக்காகவே எடுத்திருந்தார்கள். கிளிங்கன் என்ற இன்னொரு இனத்தவர் நீரோவைப் பிடித்து ரூரா பென்தே சிறையில் அடைக்கும் காட்சிகள் எடிட்டிங்கில் போய்விட்டன. படம் வெளியான பிறகு அதே வருடம் வந்த 'நீரோ' என்ற இன்னொரு காமிக்ஸ் அந்தக் காலத்தை நிரப்பியது.

இந்த உதாரணத்தை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல முன்கதைக் காமிக்ஸுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. காமிக்ஸ் படிக்காதவருக்கும் படம் புரியும், கதாநாயகனின் பயணத்தில் குறை எதுவும் தெரியாது. படித்தவருக்கோ வில்லனின் வலி கூடுதலாகக் கிடைக்கிறது. எழுதியவர்களுக்குப் படத்தின் உள்விவரம் தெரியும். நிரப்பிய இடம் உண்மையிலேயே காலியாக இருந்த இடம்.

எது செல்லும், எது செல்லாது

புதிதாகப் படிக்க வருபவர்களை அதிகம் குழப்புவது கேனன் என்ற விஷயம். ஒரு கதை உலகத்தின் உரிமையாளர்கள், 'இதெல்லாம் உண்மையில் நடந்தது' என்று ஏற்றுக்கொள்ளும் கதைகளின் தொகுப்புதான் கேனன். படங்கள் அதில் தானாகவே சேர்ந்துவிடும். காமிக்ஸுக்கு அந்த உறுதி கிடையாது. காமிக்ஸ் நிறுவனம் உரிமக் கட்டணம் கொடுத்து அந்த உலகத்தைக் கொஞ்ச காலம் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். நாளை ஒரு இயக்குநர் வந்து வேறு கதை சொன்னால் காமிக்ஸ்தான் விலகிக்கொள்ள வேண்டும்.

ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' 1986-ல் வந்தது. ஹிக்ஸ் என்ற போர்வீரனும் நியூட் என்ற சிறுமியும் கடைசியில் உயிரோடு தப்புகிறார்கள். டார்க் ஹார்ஸ் நிறுவனம் 1988-ல் மார்க் வெர்ஹைடன் எழுத, மார்க் நெல்சன் வரைய, அந்த இருவரின் பிற்கால வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளையில் தொடர்ந்தது. வளர்ந்த நியூட்டின் கெட்ட கனவுகளும், முகம் சிதைந்த ஹிக்ஸின் கசப்புமாக அருமையான கதை. 1992-ல் 'ஏலியன் 3' வந்தது. படம் தொடங்கிய சில நிமிடங்களில் ஹிக்ஸும் நியூட்டும் இறந்துபோனார்கள். என்ன செய்வது? மறுபதிப்பில் அவர்கள் பெயரை வில்க்ஸ், பில்லி என்று மாற்றி, வேறு இரண்டு பேரின் கதை போலாக்கிவிட்டார்கள். எனக்கு இன்றும் இது மனசை உறுத்தும். அந்தச் சிறுமிக்குக் காமிக்ஸ் கொடுத்த வாழ்க்கை, படம் கொடுத்த முடிவைவிட எவ்வளவோ கருணையானது. பிற்காலப் பதிப்புகளில் பழைய பெயர்கள் திரும்ப வந்தது நல்ல விஷயம்.

நீரோவின் கதைக்கும் கொஞ்சம் இது நேர்ந்தது. 'கவுன்ட்டவுன்' காமிக்ஸில் டேட்டா என்ற மனித உருவ ரோபோ உயிரோடு இருந்து எண்டர்பிரைஸ் கப்பலின் தலைவராக வருகிறார். 2020-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்' தொடரில் அவர் இறந்து வெகு காலமாகிவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 'ஸ்டார் வார்ஸ்' வாசகர்களுக்கு விழுந்தது. மார்வெலுக்குப் பிறகு 1991-லிருந்து டார்க் ஹார்ஸ் அந்த உலகத்தை விரித்துக்கொண்டே போனது. பேரரசனின் மறுவருகை, படங்களுக்குப் பல ஆயிரம் வருடம் முந்தைய ஜெடை வீரர்களின் போர்கள் என்று ஒரு வரலாறே எழுந்து நின்றது. 2012-ல் டிஸ்னி நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்' படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல்களும் காமிக்ஸ்களும் இனி 'லெஜண்ட்ஸ்', அதாவது கேனனுக்கு வெளியே என்று அறிவித்தார்கள். புதிய படங்களுக்கு இடம் வேண்டியிருந்தது, காரணம் நியாயம்தான். ஆனாலும் இருபது வருடத்துக்கும் மேலாக அந்தக் கதைகளோடு வளர்ந்தவர்களின் வருத்தத்தையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. 2015-ல் மார்வெல் திரும்பவும் புதுக் கணக்கைத் தொடங்கியது. இப்போது வருபவை கேனனுக்குள் இருப்பவை.

ஒன்று சொல்கிறேன்: கேனனில் இல்லை என்பதால் ஒரு கதை மோசமாகிவிடாது. முதல்முறை படிப்பவர் இந்தக் கணக்கில் மூழ்க வேண்டாம். எந்தக் கதை எந்தப் பக்கம் என்று தெரிந்து வைத்துக்கொண்டால், படத்தோடு முரண்படும்போது திகைக்காமல் இருக்கலாம்.

காமிக்ஸிலிருந்து திரைக்கு

ஓட்டம் எப்போதும் படத்திலிருந்து காமிக்ஸுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏலா செக்யூரா என்ற நீல நிற ஜெடைப் பெண் 2000-ல் டார்க் ஹார்ஸ் காமிக்ஸில் அறிமுகமானவள். ஜான் ஃபாஸ்டர் வரைந்த அவளுடைய அட்டைப்படம் 'ஸ்டார் வார்ஸை' உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸின் கண்ணில் பட்டது, 2002-ல் 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஏலியனும் பிரிடேட்டரும் மோதும் யோசனையை 1989 வாக்கில் முதலில் வரைந்து காட்டியதும் டார்க் ஹார்ஸ்தான். அடுத்த வருடமே 'பிரிடேட்டர் 2' படத்தில், வேட்டைக்காரனின் கோப்பைச் சுவரில் ஒரு ஏலியன் மண்டை ஓடு தொங்கியது. முழுப் படமாக அந்த மோதல் 2004-ல் வந்தது.

'தி மேட்ரிக்ஸ்' இன்னும் சுவாரசியம். அதை எடுத்த வச்சோவ்ஸ்கி சகோதரிகள் சினிமாவுக்கு முன்பு மார்வெலுக்குக் காமிக்ஸ் எழுதியவர்கள். ஜெஃப் டாரோ, ஸ்டீவ் ஸ்க்ரோஸ் என்ற காமிக்ஸ் ஓவியர்களை வைத்துத்தான் படத்தை வரைந்து திட்டமிட்டார்கள். 1999-ல் படத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் காமிக்ஸ் வெளியிட்டார்கள். அதில் ஒன்று அவர்களே எழுதி டாரோ வரைந்தது. தன்னை அழிக்க வந்த முதலாளியைக் கொன்றுவிட்டு, 'நான் சாக விரும்பவில்லை' என்று நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு வேலைக்கார ரோபோவின் கதை. மனிதருக்கும் இயந்திரத்துக்கும் போர் எப்படித் தொடங்கியது என்ற கேள்விக்குப் படம் மார்ஃபியஸ் என்ற பாத்திரத்தின் வாயால் சில வரிகள்தான் சொல்லும். இந்தக் காமிக்ஸ் அந்த முதல் பொறியைக் காட்டியது. 2003-ல் 'அனிமேட்ரிக்ஸ்' தொகுப்பில் அதுவே விரிந்த அனிமேஷன் கதையானது. மேட்ரிக்ஸ் உலகத்தில் இயந்திரங்களுக்காக நம்மை முதன்முதலில் வருந்த வைத்தது இந்தக் கதைதான்.

நிரப்பக் கூடாத இடங்கள்

எல்லா வெற்றிடமும் காலி இடம் இல்லை. சில இடங்களை இயக்குநர் வேண்டுமென்றே பேசாமல் விடுகிறார்.

ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' 2015-ல் வந்தது. முழுத் திரைக்கதை எழுதுவதற்குப் பதிலாக சுமார் 3,500 சித்திரக் கட்டங்களாக வரைந்து திட்டமிட்ட படம் அது. அதே வருடம் வெர்டிகோ நிறுவனம் முன்கதைக் காமிக்ஸ்களை வெளியிட்டது, மில்லரும் அவருடைய குழுவுமே எழுதினார்கள். படத்தின் வில்லன் இம்மார்ட்டன் ஜோ ஒரு காலத்தில் ராணுவ அதிகாரி, தண்ணீர் இருக்கும் மலையைக் கைப்பற்றிக் கடவுளானவன் என்ற பகுதி நன்றாகவே இருக்கிறது. நாயகி ஃப்யூரியோசாவின் இதழ் அப்படி இல்லை. ஜோ அடைத்துவைத்திருந்த அவனுடைய மனைவிகள் பட்ட கொடுமையைப் படம் காட்டவே காட்டாது. சுவரில் எழுதப்பட்ட 'நாங்கள் பொருட்கள் அல்ல' என்ற வரி போதும். காமிக்ஸ் அந்த அறைக்குள் போய்க் கொடுமையை வரைந்து காட்டுகிறது. அதே படைப்பாளி எழுதியும், படத்தில் இருந்த கண்ணியம் இங்கே குறைகிறது. படைப்பாளியே எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

வேறொரு வகைத் தவறு ரிச்சர்ட் கெல்லியின் 'சவுத்லேண்ட் டேல்ஸ்'. கதைக்கு ஆறு அத்தியாயம். முதல் மூன்றும் காமிக்ஸ் புத்தகங்கள், படம் நான்காவது அத்தியாயத்தில் தொடங்குகிறது. துணிச்சலான யோசனைதான். ஆனால் தியேட்டருக்கு வந்தவர்களில் எத்தனை பேர் மூன்று புத்தகம் படித்துவிட்டு வந்திருப்பார்கள்? முன்கதை துணைக்கு வரலாம், நுழைவுச் சீட்டாக மாறக் கூடாது.

எங்கே தொடங்குவது

நான் சொல்வது இதுதான்: முதலில் படம், அப்புறம் காமிக்ஸ். வெளியான வரிசை வேறாக இருந்தாலும் இப்படிப் படிப்பதே நல்லது. கேள்வி மனசில் எழுந்த பிறகு கிடைக்கும் பதிலுக்குத்தான் ருசி. தனித்தனி மாத இதழ்களைத் தேட வேண்டாம், கதை முழுவதும் சேர்ந்த தொகுப்பாகவும் மின்னூலாகவும் கிடைக்கும். உரிமம் கைமாறுவதால் பழைய கதைகள் வேறு நிறுவனத்தின் பெயரில் மறுபதிப்பாக வரும். டார்க் ஹார்ஸின் பழைய 'ஸ்டார் வார்ஸ்', 'ஏலியன்ஸ்' கதைகளை இன்று மார்வெல் தொகுப்புகளில் தேட வேண்டும். வாங்கும் முன் எழுதியவர் பெயரையும், முதலில் வெளிவந்த வருடத்தையும் பாருங்கள். ஸ்டார் வார்ஸ் என்றால் 2014-க்கு முன்பா பின்பா என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

டார்த் வேடரைப் பிடிக்கும் என்றால், சார்ல்ஸ் சூல் எழுதி 2017-ல் தொடங்கிய 'டார்த் வேடர்' தொடரை எடுங்கள். கறுப்புக் கவசத்துக்குள் அவன் கண் விழித்த நொடியிலிருந்து கதை போகிறது. ஒரு ஜெடையிடமிருந்து ஒளிவாளைப் பறித்து, அதன் படிகத்துக்குள் தன் வலியையெல்லாம் செலுத்தி அவன் அதைச் சிவப்பாக்கும் கட்டம் மறக்காது. ஓவியம் ஜுசெப்பே கமுன்கோலி. 'பிளேடு ரன்னர்' ரசிகர்களுக்கு டைட்டன் வெளியிட்ட 'பிளேடு ரன்னர் 2019' இருக்கிறது. இரண்டாவது படத்தின் திரைக்கதையில் பங்கேற்ற மைக்கேல் கிரீன் இதை மைக் ஜான்சனோடு சேர்ந்து எழுதினார். படத்தின் நாயகன் டெக்கார்டை விட்டுவிட்டு, அதே ஊரில் அதே வருடத்தில் ஆஷ் என்ற பெண் வேட்டையாளரைப் பின்தொடர்கிறார்கள். மழையும் நியானும் அப்படியே இருக்க, கேள்விகள் புதிதாக இருக்கும்.

'செரனிட்டி' படம் பார்த்தவர்கள் 'தி ஷெப்பர்ட்ஸ் டேல்' தேடிப் படியுங்கள். ஷெப்பர்ட் புக் என்ற பாதிரியாரின் கடந்த காலத்தைச் சொல்லாமலே 2005-ல் படம் அவரைக் கொன்றுவிட்டது. 2010-ல் வந்த இந்தச் சிறு புத்தகம் அவருடைய வாழ்க்கையைப் பின்னிருந்து முன்னாகச் சொல்கிறது. ஒவ்வொரு கட்டமும் அதற்கு முந்தைய காலத்துக்கு நம்மைக் கூட்டிப்போகும். எழுத்து ஸாக் வீடன், ஓவியம் கிறிஸ் சாம்னி. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.